தாங்குவதற்கு ஓர் ஆள்: தருமபுரிப் பிள்ளைகளின் மனநலம்

புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்து வளரும் பிள்ளைக்குப் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். தேய்த்தால் போகாது. நிலைப்பல் உருவாகும் வயதில் எனாமலோடு சேர்ந்தே உருவாகும் கறை அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தருமபுரி மாவட்டத்தின் பல ஆழ்துளைக் கிணறுகள் அந்த வரம்பைத் தாண்டியவை. இந்தக் கேட்டைக் குறைக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பானியக் கடனுதவியோடு கட்டிய அந்தத் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. மருத்துவ ஏடுகளில் இந்தப் புளோரைடு பாதிப்பு பல்லையும் எலும்பையும் தாக்கும் நோய். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கோ அது முதலில் வெட்கம். வாயைக் கையால் பொத்திச் சிரிப்பாள். போட்டோ எடுக்கும்போது உதட்டை இறுக்கிக்கொள்வாள். எழுந்து வாசிக்கச் சொன்னால் தயங்குவாள். அவளைக் கூச்ச சுபாவம் உள்ளவள் என்று பள்ளி எழுதி வைத்துவிடும்.

பிள்ளைகளின் மனநலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறது. குறையைப் பிள்ளையின் மனசுக்குள் தேடுகிறோம். 'மனசைத் திடப்படுத்திக்கோ' என்று பிள்ளைக்கே புத்தி சொல்கிறோம். துயரத்தின் வேர் குடிதண்ணீரிலும் கூலியிலும் ஊர்ப்பகையிலும் வகுப்பறையிலும் இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறோம். அடிபட்டு மீண்டெழும் திறனும் பிறவிக் குணமன்று, சுற்றியிருப்பவர்கள் கொடுப்பது. கடந்த அரை நூற்றாண்டு ஆய்வுகள் சொல்வது இதைத்தான். அவற்றைத் தருமபுரியில் வைத்துப் பார்த்தால் இங்கே எது குறைகிறது என்பது தெளிவாகும்.

கவாய் தீவில் கண்டது

பசிபிக் பெருங்கடலில், ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் கவாய் என்றொரு தீவு. கரும்புத் தோட்ட வேலைக்கு ஆசிய நாடுகளிலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் நிறைந்த ஊர். 1955ஆம் ஆண்டு அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு உளவியலாளர்கள் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, குடிகாரத் தகப்பன், மனநோயுற்ற தாய், ஓயாத சண்டை என்று பல துன்பங்கள் ஒன்றுசேர்ந்த வீடுகளில் பிறந்தவர்கள். இவர்கள் எல்லோரும் தடுமாறிப் போவார்கள் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஆனால் இவர்களிலும் மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் பிறரிடம் அக்கறையும் உள்ள மனிதராக வளர்ந்திருந்தார்.

அப்படி வளர்ந்தவர்களின் வாழ்க்கையில் பொதுவாக இருந்தது என்ன? பெற்றோர் தராததைத் தர வேறு ஒருவராவது இருந்தார். பாட்டி, தாத்தா, அக்கா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், அல்லது பள்ளி ஆசிரியர். வெர்னர் கவனித்த மற்றொன்று, அவர்களில் பலருக்கு வீட்டில் ஒரு பொறுப்பு இருந்தது. தம்பியைப் பார்த்துக்கொள்வது, சமையலில் கைகொடுப்பது என்று, தான் இல்லாவிட்டால் நடக்காத ஒரு வேலை. நம் ஊர்ப் பிள்ளை ஆட்டை ஓட்டிக்கொண்டு போவதும் தண்ணீர் பிடித்து வைப்பதும் இந்த வகைதான். ஆனால் பள்ளியையும் விளையாட்டையும் பறிக்காத வரைதான் அது பொறுப்பு. பறித்துவிட்டால் அது சுமை. எட்டாம் வகுப்பிலேயே நின்று தம்பி தங்கைகளுக்குத் தாயாகிவிடும் பெண்ணின் பொறுமையை மீள்திறன் என்று புகழ்வது அவளை ஏமாற்றுவதாகும்.

பெற்றோர் ஊரில் இல்லாத வீடுகள்

தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது; 2004இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 15 லட்சம் பேர். எழுத்தறிவு 68.5 விழுக்காடு, தமிழ்நாட்டின் மாவட்டங்களிலேயே அதுதான் கடைசி. அன்று எழுத்தறியாதவராகக் கணக்கில் வந்தவர்கள்தான் இன்று பள்ளிக்குப் போகும் பல பிள்ளைகளின் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும்.

சாமை, கேழ்வரகு, மரவள்ளி, தக்காளி, மா என்று விளையும் மண்தான். ஆனால் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. மழை பொய்த்து, ஆழ்துளைக் கிணறும் வறண்டால், குடும்பம் பெங்களூரின் கட்டட வேலைக்கோ ஓசூருக்கோ திருப்பூருக்கோ கிளம்பும். கணவன் கொத்தனாராகவும் மனைவி சித்தாளாகவும் போகும் வேலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வழியில்லை. பள்ளி கெட்டுவிடக் கூடாது என்று ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், விட்டுப் போகிறார்கள். அது பிள்ளையின் நலன் கருதி எடுக்கும் முடிவுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. கவாய் ஆய்வில் பிள்ளைகளைத் தாங்கியவர்களில் பாட்டிகளும் உண்டு. ஆனால் முழங்கால் வலியோடு நூறு நாள் வேலைக்கும் போய், மூன்று பேரப்பிள்ளைகளுக்குக் களி கிண்டிப் போடும் பாட்டியால் வயிற்றைக் காப்பாற்ற முடியும்; பதின்வயதுப் பேரனின் மௌனத்துக்குக் காரணம் கேட்க அவருக்கு நேரமும் தெம்பும் மிஞ்சுவதில்லை.

சிறு பிள்ளைகளின் வருத்தம் உடம்பின் வழியாகத்தான் பேசும். திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி, மருத்துவர் பார்த்தும் காரணம் தெரியாத தலைவலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது, சோற்றைத் தள்ளிவைப்பது, தூக்கத்தில் அலறுவது. வீட்டில் இதைப் பயந்துட்டான் என்பார்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். கயிறு கட்டும் கை அன்பான கைதான். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமல் நின்றுவிடுகிறது.

கொரோனாக் காலம் இதைக் கூட்டியது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் கால்வைக்க வேண்டிய பிள்ளை ஒன்றரை ஆண்டுக்கு மேல் வீட்டிலேயே இருந்தது. கர்நாடக எல்லையோரக் கிராமங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் உண்டு. பள்ளித் தமிழ் அவர்களுக்கு வகுப்பறையில்தான் பழக வேண்டும்; அதுவும் அப்போது மூடியிருந்தது. அப்படிப்பட்ட பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை மந்தம் என்று முடிவு கட்டுவது எளிது.

பெண்பிள்ளையின் கணக்கு

2001 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 826 பேர்தான். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. 2011இல் அந்த எண்ணிக்கை 913 ஆக உயர்ந்தது. முன்னேற்றம்தான். ஆனால் பிழைத்த பெண்ணுக்குத் தான் விரும்பிப் பெற்ற பிள்ளையா என்ற ஐயம் வீட்டுப் பேச்சிலிருந்தே வந்துவிடும். மூன்றாவதாகப் பிறந்தவளுக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்த வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. அந்தப் பெயரை ஆசிரியர் வருகைப் பதிவில் கூப்பிடும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு என்ன சொல்லப்படுகிறது என்று யோசித்துப் பார்க்கலாம்.

அடுத்தது கல்யாணம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயதுக்குள் மணமுடித்தவர்கள். தருமபுரி இந்தச் சராசரிக்கு மேலே நிற்கும் மாவட்டங்களில் ஒன்று. பெற்றோர் வெளியூரில் இருக்க, வயதுக்கு வந்த பெண்ணைப் பாட்டியின் பொறுப்பில் விடப் பயம். அவள் யாரையாவது காதலித்துவிடுவாளோ என்ற சாதிப் பயம் அதைவிடப் பெரிது. குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தகவல் போய், அதிகாரிகள் வந்து கல்யாணத்தை நிறுத்துகிறார்கள். அது மறுநாள் செய்தியாகிறது. ஆனால் செலவழித்த பணத்துக்கும் கெட்ட பேருக்கும் அவள்தான் காரணம் என்று பேசும் வீட்டுக்கே அந்தப் பெண் திரும்புகிறாள். அடுத்த ஆறு மாதம் அவளோடு யார் பேசுவது? நிறுத்துவதற்குச் சட்டம் உண்டு, ஆள் உண்டு. நிறுத்திய பிறகு அவளைத் தாங்குவது யாருடைய வேலையாகவும் இல்லை. 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டம் கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. படிப்பைத் தொடர அது வீட்டில் பேசக்கூடிய வலுவான வாதம். அதுவரை அவள் பள்ளியில் நிலைத்தால்தான் அந்த வாதத்துக்குப் பயன்.

பள்ளி தரும் பயமும் சோறும்

வீடு தளர்ந்த இடத்தில் பள்ளி தாங்கலாம். கூடுதலாகக் காயப்படுத்தவும் செய்யலாம். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் எடுத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் மூன்றில் இருவர் பள்ளியில் அடிவாங்கியதாகச் சொன்னார்கள். தமிழ்நாடு 2003இலேயே கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்படியைத் தடைசெய்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17இல், உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. பிரம்பு குறைந்திருக்கிறது. ஆனால் 'உங்க அப்பன் மாதிரிக் கல்லு தூக்கத்தான் போவ' என்ற சொல் குறையவில்லை. பெங்களூரில் கல் தூக்கும் தகப்பனின் காசில் நோட்டு வாங்கிய பையனுக்கு அந்த ஒரு வாக்கியம் இரண்டு அடி: தன்மீது ஒன்று, தகப்பன்மீது ஒன்று.

நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. 2007இல் மாநிலம் முழுதும் வந்த செயல்வழிக் கற்றல் ஆசிரியரைத் தரையில் பிள்ளைகளோடு உட்கார வைத்தது. 2017 மே மாதத்தோடு பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் நின்றது. உடனடித் துணைத்தேர்வு, தோற்றவருக்கு ஓர் ஆண்டு வீணாகாமல் காத்தது. பாடநூல்களில் 14417 என்ற உதவி எண் அச்சாகிறது. பிள்ளைகள் குறை எழுதிப்போடப் பள்ளிகளில் மாணவர் மனசு என்ற பெட்டி வைத்தார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டம். அதை ஊட்டச்சத்துத் திட்டமாக மட்டும் பார்ப்பது போதாது. விடியுமுன் வேலைக்குப் போன வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சூடாக உப்புமாவோ பொங்கலோ பரிமாறுகிறார். எரிச்சலும் அழுகையும் கவனச் சிதறலும் பாதி அங்கேயே அடங்கும். யாரும் மனநலத் திட்டம் என்று பெயர் வைக்காத மனநலத் திட்டம் அது.

ஆசிரியரே எல்லாமும் ஆக முடியுமா?

இங்கேதான் நம் கொள்கைகள் வழுக்குகின்றன. எந்தப் புதிய வேலை வந்தாலும் ஆசிரியர் தலையில் கட்டுவது வழக்கம். மத்திய அரசு 2020இல் தொடங்கிய பள்ளி நலத் திட்டமும், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாக்கி அவர்களைக் கொண்டே மனநலமும் சொல்லித்தர நினைக்கிறது. இது பலிக்குமா?

பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் இதற்கு நேரான ஒரு சோதனை நடந்தது. சேஹர் என்று பெயர். 75 அரசுப் பள்ளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் வழக்கமான பாடம் மட்டும். இரண்டாவதில், பயிற்சி பெற்ற ஆசிரியர் மனநலப் பணியையும் சேர்த்துச் செய்தார். மூன்றாவதில் அதே பணியை, அதற்கென்றே அமர்த்திய ஓர் ஆலோசகர் செய்தார். அவர் மனநல மருத்துவர் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர். சுவர்ப் பத்திரிகை, குறை எழுதிப்போடப் பெட்டி, மாணவர் குழு, தேவைப்படும் பிள்ளையோடு தனியே பேசுவது ஆகியவைதான் வேலை. 2018இல் லான்செட் இதழ் முடிவை வெளியிட்டது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளியின் சூழல் மேம்பட்டது, ஒருவரையொருவர் சீண்டித் துன்புறுத்துவது குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது. ஆசிரியரிடமே ஒப்படைத்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. பாடம், தேர்வு, பதிவேடு, செயலியில் ஏற்றும் புள்ளிவிவரம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பிள்ளையின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க நேரம் ஒதுக்க முடிவதில்லை. மதிப்பெண் போடுபவரிடமே மனசைத் திறப்பதில் பிள்ளைக்கும் தயக்கம். பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த மிரியட் சோதனையும் 2022இல் இதே திசையைக் காட்டியது: வகுப்பாசிரியர் கற்றுத்தந்த மனவிழிப்புத் தியானப் பாடம் மனச்சோர்வைக் குறைக்கவில்லை. காலை வழிபாட்டில் ஐந்து நிமிடம் கண்ணை மூட வைப்பதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஊரே காயப்படும்போது

தனித்தனியாக ஆறுதல் சொல்லித் தீராத காயங்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. 1992 ஜூன் 20 அன்று சித்தேரி மலையடிவார வாச்சாத்தியில் சந்தன மரச் சோதனை என்ற பெயரில் வனத்துறை, காவல், வருவாய்த் துறையினர் நுழைந்தனர். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தனர். அவர்களில் பள்ளி வயதுச் சிறுமியும் உண்டு. வீடுகள் நொறுக்கப்பட்டன. தாய்மாரோடு குழந்தைகளும் சேலம் சிறைக்குப் போனார்கள். மற்றவர்கள் மலையில் ஒளிந்தார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அன்று சிறைக்குள் இருந்த பிள்ளைக்கு முதல் தீர்ப்பு வரும்போதே பள்ளி வயது கடந்துவிட்டது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டபோதும், எரிந்தவற்றில் பிள்ளைகளின் புத்தகமும் சான்றிதழும் அடக்கம்.

இப்படிப்பட்ட ஊரின் பிள்ளைக்கு, நடந்தது அநியாயம் என்று உலகம் ஒப்புக்கொள்வதே முதல் மருந்து. நீதி தாமதமானால் மனமும் தாமதமாகத்தான் ஆறும். அதுவரை செய்யக்கூடியது என்ன என்பதற்கு இலங்கையின் மட்டக்களப்பில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. போர் நடந்துகொண்டிருந்த 1996இல், கனடாக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகள் அங்கே ஒன்றாக வந்து மண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். நடந்ததைச் சொல் என்று யாரும் வற்புறுத்தவில்லை. பாதுகாப்பான இடமும் பழகிய பெரியவர்களும் பகைத்த ஊர்ப் பிள்ளையின் நட்பும் சேர்ந்து வேலை செய்தன. மகாபாரதக் கூத்து விடிய விடிய நடக்கும் தருமபுரியில், பிள்ளைகள் வேடம் கட்டிப் பேசக் கலைஞர்களுக்குப் பஞ்சமில்லை.

செய்யக்கூடியவை

வேலைக்குக் கிளம்பும் பெற்றோர், பிள்ளை தூங்கும்போது சொல்லாமல் போகும் வழக்கத்தை விட வேண்டும். அழுதாலும் பரவாயில்லை, எங்கே போகிறோம், எந்தப் பண்டிகைக்கு வருவோம் என்று சொல்லிவிட்டுப் போவதே நல்லது. சொல்லாமல் போனால் அடுத்தமுறை எப்போது காணாமல் போவார்களோ என்ற பயம் தூக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரவுப் போனில் முதல் கேள்வி மார்க்காக இருக்க வேண்டாம். இன்று யாரோடு விளையாடினாய் என்று கேட்கலாம்.

பள்ளிகள், பெற்றோர் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் பட்டியலைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தைப் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் பெற்றோர் ஊர் திரும்பும் வாரத்தில் வைத்தால் வராதவர்களும் வருவார்கள். மற்ற நாட்களில் ஆயாவே பெற்றோர். கையெழுத்துத் தெரியாதவர் என்று அவரை வாசலில் நிறுத்தக் கூடாது. ஒரு பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் விளையாட்டிலிருந்து ஒதுங்கியிருந்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், தனியே கூப்பிட்டுப் பேச வேண்டும். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளாமல் நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. உடனே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, எந்த நேரமும் பேசக்கூடிய மனநல உதவி எண் 14416க்கோ வழி காட்ட வேண்டும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது.

அரசு செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆனால் அது பெரியது. பாடம் நடத்தாத, மதிப்பெண் போடாத, பிள்ளைகளோடு பேசுவதையே வேலையாகக் கொண்ட ஒருவரை ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் அமர்த்துவது. தொடக்கப் பள்ளிகளுக்குச் சில பள்ளிகள் சேர்ந்த தொகுப்புக்கு ஒருவர். மருத்துவர்கள் போதாத நாட்டில் இது ஆகுமா என்ற கேள்விக்கு நாலந்தா விடை சொல்லிவிட்டது: உள்ளூர்க்காரர் போதும், முறையான பயிற்சியும் மேற்பார்வையும் சம்பளமும் இருந்தால். 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்காக மாநிலம் முழுதும் தன்னார்வலர்களாக வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சித்தேரியிலும் வத்தல்மலையிலும் பென்னாகரத்து மலைக்கிராமங்களிலும் அந்தந்த ஊர்ப் பேச்சில் பேசத் தெரிந்த படித்த பெண்கள் இருக்கிறார்கள். தருமபுரியில் இதை முதலில் தொடங்குவது நியாயம்; எழுத்தறிவில் கடைசியில் நிற்கும் மாவட்டம், ஆள் போடுவதிலாவது முதலில் வரட்டும்.

பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லித்தருவது பற்றிய கூட்டங்களும் கையேடுகளும் நம்மிடம் ஏராளம். இனிமேல் எந்தத் திட்டம் வந்தாலும் அதனிடம் ஒரே கேள்வியைக் கேட்போம்: இந்தப் பிள்ளையைக் கவனிப்பதற்கென்று பெயர் சொல்லக்கூடிய ஒரு பெரியவரை அது தருகிறதா? தரவில்லை என்றால், அது பிள்ளையின் தோளில் ஏற்றும் இன்னொரு சுமைதான்.